எழுதத் தெரியாமல் தொடங்கிய எழுத்தாளர்

ஆம்பூர் அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் பலரின் தாய்மார்கள் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவள் கதை சொன்னால் வகுப்பே வாய்மூடிக் கேட்கும். ஆனால் ஏட்டில் நான்கு வரிக்கு மேல் எழுதமாட்டாள். மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை நான்தான் சேர்த்தேன்.

சுதந்திர தினத்தையொட்டி வை.மு.கோதைநாயகி அம்மாள் பற்றி வகுப்பில் பேசினேன். விடுதலைப் போராட்டத்தில் அவர் சிறை வைக்கப்பட்டது நம் வேலூரில்தான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

1901இல் பிறந்தவர் கோதைநாயகி. ஐந்து வயது கடந்ததுமே திருமணம். பள்ளிக்குச் சென்றதில்லை. ஆனால் கதை சொல்வதில் வல்லவர். அவருடைய முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். பிறகுதான் அவர் எழுதப் பழகினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். பாடல்களும் இயற்றினார். காந்தியடிகளின் வழியை ஏற்றுக் கதர் உடுத்தி, கூட்டங்களில் பேசினார், பாடினார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிப் புறக்கணிப்பிலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையிலும் அவர் எழுத்து நிற்கவில்லை.

நான் முடித்ததும் அந்த மாணவி கேட்டாள்: "டீச்சர், எழுதிக் கொடுத்தது பட்டம்மாள். அப்போ கதை யாரோடது?"

"சொன்னவங்களோடதுதாம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் நான் தயாரித்த பட்டியல் நினைவுக்கு வந்தது. எழுத்து வராததைக் கவனித்த நான், மொழி வந்திருந்ததைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தினேன். ஒருவர் சொல்ல, மற்றவர் சொன்னபடியே எழுத வேண்டும். பிறகு சொன்னவரே அதைப் படித்து, திருத்தி, தன் கையெழுத்தில் படி எடுக்க வேண்டும். தன் சொற்களே என்பதால் படிக்கத் தடுமாற்றம் குறைகிறது. அந்த மாணவி, அதிகாலையில் கம்பெனி வண்டிக்கு ஓடும் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். தோழி எழுதியது இரண்டு பக்கம். அதைப் படி எடுக்க அவளுக்கு மூன்று நாள் ஆனது. பிழைகள் இருந்தன. ஆனாலும் முழுதாக எழுதி முடித்தாள். எங்கள் வகுப்பின் கையெழுத்து இதழில் அதுவே முதல் கட்டுரை.

இப்போதும் அவளுக்கு ஒற்றுப்பிழை வருகிறது. பயிற்சி தொடர்கிறது. ஆனால் ஒரு பிள்ளையை மெல்லக் கற்பவர் எனக் குறிக்கும் முன், ஒரு கதை சொல்லச் சொல்லி முழுவதும் கேட்பதை நான் வழக்கமாக்கிக் கொண்டுள்ளேன். நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள்.