மக்கள் தாங்கிய உறுப்பினர்

ஊராட்சி மன்றங்களில் தொழிலாளர் அமர்தல் இன்று வியப்பன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அஃது அரிய செயலாக இருந்தது. அதனை ஆற்றியவருள் ஒருவர் ஜான் பர்ன்ஸ்.

இவர் 1858 ஆம் ஆண்டு இலண்டனில் வறிய குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டு, மெழுகுவத்தித் தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றார். பின்னர்ப் பொறித்தொழில் பயின்று, பொறித்தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினரானார். பகலில் பட்டறையில் உழைத்தவர், ஓய்வு நேரத்தில் நூல்கள் பல கற்றார்.

1889 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் கவுண்டி மன்றத்திற்கு முதல் தேர்தல் நடைபெற்றது. பாட்டர்சீ என்னும் பகுதி மக்கள் பர்ன்சைத் தேர்ந்தெடுத்தனர். ஆனால், மன்ற உறுப்பினர்க்கு ஊதியம் இல்லை. செல்வர்க்கு அஃது இடையூறன்று. பட்டறைக்குச் செல்லாத நாளில் தொழிலாளிக்குக் கூலி ஏது? கூலியின்றேல் குடும்பம் எங்ஙனம் வாழும்? இதனை உணர்ந்த பாட்டர்சீத் தொழிலாளர், தம் சிறு வருவாயினின்றும் பொருள் திரட்டி அவருக்கு வாரக்கூலி அளித்தனர்.

பர்ன்ஸ் அந்நன்றியை மறந்தாரல்லர். மன்றத்தின் வேலைகளை ஒப்பந்தம் எடுப்போர் தொழிலாளர்க்கு முறையான கூலி வழங்குதல் வேண்டும் என வாதாடினார். மன்றமும் அக்கொள்கையை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்னி கூலி வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். பர்ன்ஸ் முன்னின்று ஊக்கினார், தொழிலாளர் வென்றனர். 1892 இல் பாராளுமன்றம் புகுந்த அவர், 1905 இல் உள்ளாட்சித் துறை அமைச்சரானார்.

வாக்களித்தலோடு தம் கடமை முடிந்ததென்று அம்மக்கள் கருதவில்லை. தாம் தேர்ந்தவர் நேர்மையுடன் பணிபுரியத் துணை நின்றனர். குடியாட்சி தழைப்பது இத்தகைய மக்களாலேயே ஆகும்.