உதவித்தொகை வந்தபின் 529 பணம்: எடுக்கும்முன் சில குறிப்புகள்

அமெரிக்காவில் பிள்ளையின் படிப்புக்காக 529 கணக்கில் பணம் சேர்க்கும் பெற்றோருக்கு:

1. உதவித்தொகை கிடைத்துவிட்டதே, சேர்த்ததை எடுத்தால் அபராதம் விழுமோ என்று பயப்பட வேண்டாம். படிப்பு அல்லாத செலவுக்கு எடுத்தால் லாபத்தின் மீது விழும் 10% கூடுதல் வரி, வரியில்லா உதவித்தொகையின் அளவு வரை கிடையாது. லாபத்துக்கு வழக்கமான வருமான வரி மட்டும் உண்டு. நீங்கள் போட்ட அசலுக்கு அதுவும் இல்லை.

2. அந்த வரியையும் தவிர்க்க, முதலில் விடுதிச் செலவைப் பாருங்கள். பல உதவித்தொகைகள் கட்டணத்தோடு நின்றுவிடும். அறை வாடகையும் சாப்பாடும் நம் தலையில்தான். பிள்ளை குறைந்தது அரைநேர மாணவராக இருந்தால், இவற்றுக்கு வரியின்றி எடுக்கலாம். வெளியே வீடெடுத்துத் தங்கினால், கல்லூரி தன் செலவு மதிப்பீட்டில் காட்டும் தொகைக்கு மேல் கூடாது. புத்தகம், லேப்டாப்பையும் மறந்துவிடாதீர்கள்.

3. ஒரு கணக்கு. கட்டணம் 30,000 டாலர், விடுதியும் சாப்பாடும் 15,000. மொத்தம் 45,000. இதில் உதவித்தொகை 12,000-ஐக் கழியுங்கள். 2,500 டாலர் வரை வரியைக் குறைக்கும் ‘அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி’ சலுகைக்குத் தகுதி இருந்தால், அதற்காக 4,000-ஐ ஒதுக்குங்கள். ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்ட முடியாது. மிச்சம் 29,000. நீங்கள் 35,000 எடுத்து, அதில் லாபம் 14,000 என்றால், கூடுதலாக எடுத்த 6,000-க்கு உரிய லாபம் 2,400. வரி அதற்கு மட்டும்தான். 240 டாலர் கூடுதல் வரி வராமலிருக்க, 5329 படிவத்தில் விலக்குக் கோர வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

4. வரி வரும் என்று தெரிந்தால், பணத்தைப் பிள்ளையின் பெயருக்கே வாங்குங்கள். 1099-கியூ படிவம் அவர் பெயரில் வரும். வரி விகிதம் பெரும்பாலும் குறைவு. ஆனால் 24 வயதுக்குட்பட்ட முழுநேர மாணவருக்கு, உழைத்துச் சம்பாதிக்காத வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் பெற்றோரின் விகிதமே வரும். பெருந்தொகையை ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள்.

5. செலவு எந்த வருடமோ, அதே வருடத்தில் எடுங்கள். ஜனவரியில் கட்டும் கட்டணத்துக்கு டிசம்பரில் எடுத்தால் சிக்கல்.

6. கட்டிய பிறகு உதவித்தொகை வந்து கல்லூரி பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், 60 நாளுக்குள் 529-இல் திரும்பப் போடுங்கள். வரி வராது.

7. என்னைக் கேட்டால், அவசரமில்லாத பணத்தைத் தொடவே வேண்டாம். தம்பி, தங்கை பெயருக்கு மாற்றலாம். கணக்கு தொடங்கி 15 வருடமாகியிருந்தால், 2024 முதல் பிள்ளையின் ராத் ஐஆர்ஏ ஓய்வுக்கணக்குக்கு ஆண்டு வரம்புக்குள் சிறிது சிறிதாக, மொத்தம் 35,000 டாலர் வரை மாற்றவும் வழியுண்டு.