குளம்பைக் காப்போம், கால்நடையைக் காப்போம்

மாடு வளர்ப்போரும் குதிரை வளர்ப்போரும் விலங்கின் மடியையும் தோலையும் நாள்தோறும் நோக்குவர். குளம்பை நோக்குவோர் சிலரே. விலங்கு நொண்டத் தொடங்கிய பின்னரே நாம் குனிந்து பார்க்கிறோம். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. நொண்டும் பசு மேயச் செல்லாது, பால் குறையும். பிள்ளைகளின் படிப்புக்கென வளர்த்த பசு, முடிவில் அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

லாடம் கட்டும் தொழில் நமக்குப் புதியதன்று. லாரிகள் வருமுன் கிள்ளான் பள்ளத்தாக்கில் சரக்குகளைச் சுமந்தவை மாட்டு வண்டிகளே. காளையின் குளம்பு பிளவுபட்டிருப்பதால் காலுக்கு இரண்டாக எட்டுத் தகடுகள் வேண்டும். ஒற்றைக் குளம்புடைய குதிரைக்கு நான்கு லாடங்கள் போதும். காளையைக் கயிறிட்டுச் சாய்த்து லாடம் கட்டுவர். குதிரையை நிற்கவைத்தே ஒவ்வொரு காலாகத் தூக்கி அடிப்பர். 1896இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் திடல், இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் பகுதியில் இருந்தது. பின்னர் அது சுங்கை பீசிக்கு மாறியது. மாட்டு வண்டிகள் மறைந்த பின்னும் பந்தயக் குதிரைகளால் லாடத் தொழில் இங்கு நிலைத்தது.

குளம்பு வெறும் கட்டையன்று. நம் நகத்தைப் போல் அதுவும் வளர்வது. குதிரையின் குளம்பு திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். வெளிச்சுவருக்கு உணர்ச்சியில்லை; அதனாலேயே அங்கு ஆணி அடிக்க இயலுகிறது. உட்புறத்திலோ குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான அடுக்குகள் எலும்பைச் சுவரோடு பிணைத்து நிற்கின்றன. ஆணி சற்றே உள்ளே சென்றாலும் புண்ணாகும். எனவே இது பயின்ற கையால் செய்ய வேண்டிய வேலை.

குளம்பு நோய்களுள் கொடியது அந்த உள்ளடுக்குகளின் அழற்சி. அளவுக்கு மிஞ்சிய தானியத்தை ஒரே வேளையில் தின்பது இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. விருந்தில் மீந்த சோற்றையும் ரொட்டியையும் பசுவுக்கு அள்ளி வைப்பது அன்பின் செயல்தான். ஆயினும் அது வயிற்றில் புளித்துக் குளம்பைத் தாக்கும். நோயுற்ற குதிரை முன்கால்களை நீட்டிப் பின்புறம் சாய்ந்து நிற்கும், குளம்பு சுடும். காலம் தாழ்த்தினால் உள்ளெலும்பு பிணைப்பிலிருந்து கழன்று கீழே இறங்கிவிடும். உடனே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். அவர் வலியைத் தணிப்பார். குளிர்ந்த நீரில் கால்களை வைக்கச் சொல்வார். ஊடுகதிர்ப் படம் எடுத்து எலும்பின் நிலையை அறிவார். அப்படத்தின் துணைகொண்டு லாடத் தொழிலாளர் நீண்ட முனையைச் சீவி, அடிப்பாகத்தைத் தாங்கும் சிறப்பு லாடம் பொருத்துவார். இவ்விருவரும் கூடிச் செய்வதே குளம்புச் சிகிச்சை.

மற்றொன்று அழுகல். மழை மிகுந்த நம் நாட்டில் சேறும் சாணமும் மண்டிய கொட்டகையே அதன் பிறப்பிடம். குளம்பின் அடியில் கருமையும் துர்நாற்றமும் தோன்றும். மாட்டுக்குப் பத்து லிட்டர் நீரில் 500 கிராம் மயில்துத்தம் கரைத்துக் குளம்பை நனைப்பர். அந்நீர் நஞ்சு, விலங்கு குடிக்கலாகாது, ஓடையில் கொட்டலாகாது. அதிலுள்ள செம்பு ரப்பரையும் கெடுக்கும். ஆதலின் பால் வாளிகளின் பக்கம் கொண்டு செல்லலாகாது.

இங்கே மற்றொரு செய்தியையும் அறிவோம். 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை நிலையம் சுங்கை பூலோவில் நெடுங்காலம் இயங்கியது. அவ்வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் சீவிய ரப்பர் இன்று விலங்கின் காலுக்கும் துணையாகிறது. பசுவின் ஒரு காலிலுள்ள இரு குளம்புகளில் ஒன்று நோயுற்றால், நல்ல குளம்பின் அடியில் ரப்பர்க் கட்டை ஒன்றை ஒட்டுவர். எடை முழுவதும் அதன்மேல் விழ, புண்பட்ட குளம்பு தரையில் படாமல் ஆறும். கொட்டகைத் தரையில் ரப்பர் விரிப்பு இட்டால் சிமெண்டால் குளம்பு தேய்வது குறையும்.

நாம் செய்யத்தக்கவை எளியவை:

1. தரையை உலர்வாக வைத்து, சாணத்தை நாள்தோறும் அகற்றுக.
2. குதிரையின் குளம்பை நாள்தோறும் துப்புரவு செய்க. ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை சீவச் செய்க.
3. மாட்டின் குளம்பை ஆண்டுக்கு இருமுறையேனும் தேர்ந்தவரைக் கொண்டு பார்க்கச் செய்க.
4. தீவனத்தைத் திடீரென மாற்றாது, சிறிது சிறிதாக மாற்றுக.
5. நொண்டுதல் கண்ட அன்றே மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தை நாடுக.

வாயில்லா உயிர் தன் நோவைச் சொல்லாது. அதன் நடையைக் கண்டே நாம் அறிதல் வேண்டும். நாளைக்குச் சிறிது நேரம் காலைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம், ஒரு குடும்பத்தின் சேமிப்பையே காக்கும் என்பதை மறவாதிருப்போமாக.