மலைக்கு மேலே சர்வர் எதற்கு?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினால், மலைப்பாதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். கல்வராயன் மலையின் சிற்றூர்கள் பலவற்றில் ஒரு வீடியோ பார்க்க இன்றும் மேடு தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அந்த மலையிலும் பள்ளிகள் இருக்கின்றன, பள்ளிகளில் கணினிகள் இருக்கின்றன. தமிழக அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்க எடுத்துக்கொண்ட பட்டியலில் மட்டும் 6,029 பள்ளிகள். கணினி வந்து இறங்குவது ஒரு நாள் வேலை. அதைச் சரியாக வைத்திருப்பது வருஷம் முழுக்க உள்ள வேலை. தமிழ் எழுத்துரு வேண்டும், தமிழ்99 விசைப்பலகை வேண்டும், இந்திய நேரம், பிரின்டர், மாணவர் லாகின் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பத்துக் கணினி என்றால் பத்திலும் ஒரே மாதிரி.

இப்படிப்பட்ட வேலையை ஒரு கோப்பில் எழுதிவைத்து, டெர்மினலில் ஒரே கட்டளையில் முடிக்கும் கருவிகள் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப்என்ஜின் இவற்றின் முன்னோடி. 2005-இல் பப்பெட், 2011-இல் சால்ட், 2012-இல் ஆன்சிபிள் என்று வரிசை நீண்டது. கருவிகள் வளர்ந்த அளவுக்கு அவற்றைப் பற்றிய தவறான எண்ணங்களும் வளர்ந்துவிட்டன. மலைப்பள்ளிக்கு உதவக்கூடிய ஒன்றை மலைப்பள்ளிக்கு ஆகாது என்று ஒதுக்கவைப்பவை அந்த எண்ணங்கள்தான்.

“இதெல்லாம் ஆயிரம் சர்வர் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு”

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பப்பெட் பொதுவாக வேலை செய்யும் முறை இப்படி: ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஏஜென்ட் இருக்கும். அது அரை மணிக்கு ஒருமுறை மையச் சர்வரைக் கூப்பிட்டு, “நான் எப்படி இருக்க வேண்டும்?” என்று கேட்கும். இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குச் சர்வர் இல்லாமல் பப்பெட் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ‘பப்பெட் அப்ளை’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பு அதே கணினியில் இருந்தால் போதும். கணினியே அதைப் படித்து, தன் நிலையோடு ஒப்பிட்டு, வேண்டிய மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். சால்ட்டில் ‘சால்ட்-கால்’ கட்டளையோடு ‘லோக்கல்’ என்ற சொல்லைச் சேர்த்தால் இதே கதைதான். ஆன்சிபிள் மற்றக் கணினிகளுக்கு எஸ்எஸ்எச் வழியாகப் போவது. இணைப்பு ‘லோக்கல்’ என்று சொல்லிவிட்டால் எங்கும் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடிக்கும். விண்டோஸ் பக்கம் மைக்ரோசாஃப்டின் டிஎஸ்சி உண்டு. 2025-இல் வெளிவந்த அதன் 3-ஆம் பதிப்பு முழுக்க முழுக்க ஒரு டெர்மினல் கருவி.

இது ஏதோ குறைத்துக் கொடுத்த பதிப்பும் அல்ல. கோப்பின் மொழி ஒன்றுதான், செய்யும் வேலையும் ஒன்றுதான். சர்வர் இல்லாததால் இழப்பது, எல்லாக் கணினிகளின் நிலையையும் ஒரே திரையில் பார்க்கும் வசதியை. பத்துக் கணினி உள்ள அறையில் அந்த வசதிக்காக ஒரு சர்வரும் அதற்கு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்குவது வீண் செலவு. இணைப்பு வந்து வந்து போகும் இடத்தில், கணினி தன்னைத் தானே பார்த்துக்கொள்வதுதான் சரியான வடிவமைப்பு.

“ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு இன்னொரு பெயர்”

இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது: இரண்டும் டெர்மினலில் ஓடுகின்றன, இரண்டும் கைவேலையைக் குறைக்கின்றன. வித்தியாசம் எங்கே என்பதை வீட்டு மாடித் தொட்டியை வைத்தே பார்க்கலாம். “மோட்டாரைப் பத்து நிமிஷம் போடு” என்று சொல்வது ஒரு வகை. ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் தொட்டி வழிந்து சுவர் நனையும். “தொட்டி நிறைந்திருக்க வேண்டும்” என்று சொல்வது இன்னொரு வகை. நிறைந்திருந்தால் மோட்டாரைத் தொடவே வேண்டாம், பாதி இருந்தால் மீதிக்கு மட்டும் ஓட்டினால் போதும். ஸ்கிரிப்ட் சொல்வது முதல் வகை. இந்தக் கருவிகளிடம் நாம் சொல்வது இரண்டாவது வகை.

கணினியில் இது எப்படித் தெரியும்? ஓர் அமைப்புக் கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்க ஸ்கிரிப்ட்டில் ‘எக்கோ’ போட்டு, இரண்டு அம்புக்குறி போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுப்பார்கள். முதல் தடவை சரி. யாரோ மறந்துபோய் மூன்று தடவை ஓட்டினால் அதே வரி மூன்று தடவை உட்கார்ந்திருக்கும். ஆன்சிபிளிடம் ‘இந்த வரி இந்தக் கோப்பில் இருக்கட்டும்’ என்று சொன்னால், முப்பது தடவை ஓட்டினாலும் வரி ஒன்றுதான். எத்தனை முறை செய்தாலும் முதல் முறை கிடைத்த பலனே நிற்கும் இந்தத் தன்மைக்குக் கணிதத்தில் ‘ஐடெம்பொடென்ஸ்’ என்று பெயர். 1870-இல் பெஞ்சமின் பியர்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய சொல்.

ஓட்டம் முடிந்ததும் திரையின் அடியில் வரும் கணக்கில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புதிய கணினியில் முதல் முறை: ஓகே 12, சேஞ்ச்டு 9, ஃபெயில்டு 0. உடனே மறுபடி ஓட்டினால்: ஓகே 12, சேஞ்ச்டு 0, ஃபெயில்டு 0. இரண்டாவது ஓட்டத்தில் சேஞ்ச்டு பூஜ்யம் ஆனால்தான் கோப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் உள்ளே எங்கோ ஒரு பழைய ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கிறது. கோப்புக்குள் ஷெல் கட்டளைகளை அப்படியே திணித்தால் கருவி அதைத் தடுக்காது. கருவியை வாங்கிக்கொண்டு அதன் பலனை விட்டுவிடுவது அப்படித்தான் நடக்கிறது.

“லோக்கல் என்றால் இன்டர்நெட்டே வேண்டாம்”

பாதி உண்மை, அதனாலேயே அதிகம் ஏமாற்றுவது. கட்டளை ஓட இன்டர்நெட் வேண்டாம். ஆனால் கோப்பில் ‘லோஹித் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்து, அந்தப் பேக்கேஜ் கணினியில் இல்லை என்றால், கருவி அதை எங்கிருந்து கொண்டுவரும்? வலைக்குத்தான் போகும். போக முடியாமல் சிவப்பு எழுத்தில் நிற்கும்.

இதற்கு வழி இருக்கிறது. அந்த வழியை உருவாக்கியவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. டெபியன் லினக்ஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ரித்தேஷ் ராஜ் சராஃப் உருவாக்கிய ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்ற கருவி மூன்று அடிகளில் வேலை செய்கிறது. மலைக் கணினியில் ‘செட்’ கட்டளை கொடுத்தால், தனக்கு என்னென்ன பேக்கேஜ் தேவை என்று ஒரு சின்னக் கோப்பை எழுதிக் கொடுக்கும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, இணைப்புள்ள கணினியில் ‘கெட்’ கொடுத்தால் அத்தனையும் டவுன்லோடு ஆகும். திரும்ப மலையேறி ‘இன்ஸ்டால்’. இது பேக்கேஜ்களைக் கணினியின் சேமிப்பில் கொண்டுவந்து வைக்கும். அடுத்து அமைப்புக் கட்டளையை ஓட்டினால், வலைக்குப் போகாமல் அங்கிருந்தே அது பேக்கேஜை நிறுவிக்கொள்ளும்.

அமைப்புக் கோப்புகளையும் அதே பென் டிரைவில் கொண்டுபோகலாம். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ‘பண்டில்’ என்ற கட்டளை, மாற்ற வரலாறு முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தக் கட்டளைகள் பெரும்பாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடுபவை. கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் செய்துவிடும். யாரோ கொடுத்த பென் டிரைவில் இருப்பதை அப்படியே ஓட்டுவது, வீட்டுச் சாவியைப் பஸ் ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு வருவது போன்றது. கிட்டில் கையொப்பமிட்டுப் பதிந்தால் பண்டிலுக்குள்ளும் அந்தக் கையொப்பம் அப்படியே வரும். ‘ஆன்சிபிள்-புல்’ கட்டளைக்குக் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே ஓட்டு என்று சொல்லவும் வழி உண்டு. கோப்புக்குள் பாஸ்வேர்டை வெறுமனே எழுதிவைப்பதும் இதே அளவு ஆபத்து. பூட்டிவைக்க ஆன்சிபிள் வால்ட் இருக்கிறது.

“கோப்பிலிருந்து நீக்கினால் கணினியிலிருந்தும் நீங்கிவிடும்”

நீங்காது. அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது. போன வருஷம் படித்த மாணவர்களுக்கான லாகினைக் கோப்பிலிருந்து அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், லாகின் கணினியில் அப்படியே இருக்கும். பப்பெட்டும் ஆன்சிபிளும் கோப்பில் உள்ளவற்றை மட்டுமே கவனிப்பவை. ஒன்றைப் பற்றிப் பேசாமல் விட்டால், அதை நிர்வகிப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் அவை புரிந்துகொள்கின்றன. லாகின் போக வேண்டுமானால் வரியை அழிக்காமல், ‘இருக்கக் கூடாது’ என்று மாற்றி எழுதி, ஒருமுறை ஓட்டி, அதன் பிறகே அழிக்க வேண்டும்.

செய்ததைத் தானாகத் திருப்பும் பட்டனும் இவற்றில் கிடையாது. முன்கூட்டியே சொல்லிவைத்தால், பப்பெட் தான் மாற்றும் கோப்பின் பழைய பிரதியை எடுத்துவைக்கும், அவ்வளவுதான். முந்தைய நிலைக்கு முழுதாகத் திரும்ப வேண்டுமென்றால் நிக்ஸ் ஓஎஸ், குயிக்ஸ் போன்றவற்றின் பக்கம் போக வேண்டும். அவை ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு தலைமுறையாகச் சேமித்து, பழைய தலைமுறைக்குத் திரும்ப அனுமதிப்பவை.

ஒத்திகை ஓட்டத்தின் மீதும் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. பப்பெட்டில் ‘நோ-ஆப்’, ஆன்சிபிளில் ‘செக்’ என்று போட்டால், எதையும் தொடாமல் எது மாறும் என்று மட்டும் சொல்லும். அருமையான வசதி, ஒவ்வொரு முறையும் பயன்படுத்த வேண்டியது. ஆனால் பிரின்டர் மென்பொருளை நிறுவுவது முதல் வேலை, அதன் சேவையை இயக்குவது இரண்டாவது வேலை என்றால், ஒத்திகையில் முதல் வேலை நடந்திருக்காது. இல்லாத சேவையைத் தேடி இரண்டாவது வேலை தடுமாறலாம். ஷெல் கட்டளைகளை ஆன்சிபிள் ஒத்திகையில் பெரும்பாலும் தாண்டியே போய்விடும். அதனால் ஒத்திகை பார்த்த பிறகும் முதலில் ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் பத்திரம்.

“ஆங்கிலம் தெரிந்த எக்ஸ்பர்ட் வேண்டும்” என்பது இன்னொன்று. ஆன்சிபிள் கோப்பில் இடைவெளிகள்தான் இலக்கணம். டேப் விசையைத் தட்டினால் பிழை, ஸ்பேஸ் தட்டினால் சரி. வேலையின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். ‘தமிழ்99 விசைப்பலகை’ என்று எழுதினால், ஓடும்போது திரையில் அந்தப் பெயரே தமிழில் வரும், எந்த இடத்தில் நின்றது என்று யாருக்கும் புரியும். தமிழில் கற்றுக்கொள்ள 2012 முதல் கணியம் மின்னிதழ் இருக்கிறது. கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அது பக்கத்து வீடு.

“ஒருமுறை ஓட்டினால் போதும்”

மையச் சர்வர் உள்ள இடத்தில் ஏஜென்ட் அரை மணிக்கு ஒருமுறை தானாகவே சரிபார்க்கிறது. ‘பப்பெட் அப்ளை’ அப்படி இல்லை. கூப்பிட்டால் வரும், வேலை முடிந்ததும் போய்விடும். டிஎஸ்சியின் பழைய பதிப்புகளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிக்கும் சேவை ஒன்று பின்னணியில் இருந்தது, 3-ஆம் பதிப்பில் அது இல்லை. மதியம் ஒரு மாணவர் விசைப்பலகையை மாற்றிவிட்டால், மறுபடி யாராவது கட்டளை கொடுக்கும்வரை அது மாறியபடியேதான் இருக்கும்.

இதற்கு, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானை இரவு 2 மணிக்குப் போடுகிறவர்கள் உண்டு. பள்ளியில் அது பலிக்காது. சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். அணைந்திருந்த நேரத்தில் தவறிய வேலையைக் கிரான் திரும்ப எடுத்துச் செய்யாது. அதற்கு அனாகிரான் வேண்டும், அல்லது சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்ற வரியைச் சேர்த்து ‘ட்ரூ’ போட வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால், காலையில் ஆசிரியர் சுவிட்சைப் போட்டதும் தவறிப்போன ஓட்டம் தானாக நடக்கும். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஒன்பது கணினிகளில் சேஞ்ச்டு 0. பத்தாவதில் சேஞ்ச்டு 1, அதற்கு மேலே வேலையின் பெயர்: தமிழ்99 விசைப்பலகை.