‘மா’ என்னும் ஓரெழுத்து: சொற்பொருள் ஆராயும் பாடம்



பாலி மொழிச் சூத்திரங்களை ஓதும் நம் உபாசக உபாசிகைகளுள் பெரும்பாலோர், ஓதும் சொற்களைத் தமிழ்ச் செவியாலேயே அளந்து பொருள் கொள்ள முற்படுகின்றனர். அஃது இயல்பே. ஆயினும் செவிக்கு ஒன்றாய் ஒலிப்பன யாவும் கருத்தில் ஒன்றாகா. ஒலியை மட்டும் நம்பிப் பொருள் கொள்வோமாயின், பகவன் விலக்கிய ஒன்றை அவரே போற்றினார் என்று கருதும் விபரீதமும் நேரும். அவ்வுண்மையை ‘மா’ என்னும் ஒரே எழுத்தைக் கொண்டு இப்பாடத்தில் விளக்குவோம்.

தமிழில் ‘மா’

நன்னூல் இயற்றிய பவணந்தியார், ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நிற்பன 42 என்று கணக்கிட்டார். அவற்றுள் மகர வரிசையில் நிற்பன 6. ‘மா’ அந்த ஆறனுள் ஒன்று. மாமரம் மா, விலங்கு மா, குதிரையும் மா, அரைத்த மாவும் மா. மாநகர், மாமன்னன் என்னுமிடத்துப் பெருமை உணர்த்துவதும் மா. பழைய கணக்கில் 20இல் ஒரு பங்குக்கு மா என்று பெயர். தஞ்சைப் பக்கத்து நில அளவில் 20 மா கொண்டது ஒரு வேலி.

‘அவன் மா விற்றான்’ என்று ஒருவர் சொன்னால், விற்றது கனியா, மாவா, குதிரையா, நிலமா என்பதை அவ்வெழுத்து தானே சொல்லாது. சொன்ன இடமும், முன்பின் வரும் சொற்களுமே சொல்லும். ஒரு மொழிக்குள்ளேயே நிலைமை இதுவாயின், மொழி கடந்தால் என்னாகும்?

பிற மொழிகளில் ‘மா’

ஆலையில் ஒரே தறிக்கூடத்தில் பல மொழியாரோடு உழைத்தவர்க்கு இதன் விடை ஓரளவு தெரியும். தெலுங்கர் ‘மா ஊரு’ என்பார். ‘எங்கள் ஊர்’ என்பது பொருள். இந்தி பேசுவோர் அதே ஒலியைச் சற்று மூக்கொலி கூட்டிச் சொன்னால் தாய். இன்னும் தொலைவு செல்வோம். பெய்ஜிங் வழக்குச் சீனத்தில் ‘மா’ என்பதைச் சமமாக உயர்த்தி ஒலித்தால் தாய். குரலை ஏற்றி ஒலித்தால் சணல். தாழ்த்தி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். தாய்லாந்து மொழியில் ஒரு குரலில் வருதல், மற்றொன்றில் குதிரை, வேறொன்றில் நாய். வியட்நாமிய மொழியிலோ குரலின் வேறுபாட்டால் பேய், தாய், கல்லறை, நெல் நாற்று என்று பொருள் மாறும். இத்தாலியர்க்கு ‘ஆனால்’; ஜப்பானியர்க்கு இடைவெளி; அரபு மொழியில் ‘என்ன?’ என்னும் வினா. பர்மாவில் பெண்ணின் பெயர்க்கு முன் ‘மா’ என்பது மரியாதை அடை. அங்கேயே வினைச்சொல்லுக்கு முன் குறுகி நிற்கும் ‘ம’ எதிர்மறை. நமக்கு மாமா தாயுடன் பிறந்தவர்; ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் தந்தை.

ஒப்புமைக்குரிய காரணங்கள்

இவ்வாறு சொற்கள் ஒத்து ஒலிப்பதற்குக் காரணங்கள் நான்கு. அவற்றைப் பிரித்தறிவதே சொல்லாராய்ச்சியின் முதற்படி.

முதலாவது, உறவு. கன்னட நாட்டில் வாழும் நம்மவர் இதை எளிதிற் காணலாம். நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. சொல்லின் முதலில் நாம் பகரம் சொல்லுமிடத்து அவர்கள் ஹகரம் சொல்லுகிறார்கள். ஒரு சொல்லில் மட்டும் அன்று. சொல்லுக்குச் சொல் இவ்வொழுங்கு தொடர்கிறது. இத்தகைய ஒழுங்கே உறவுக்குச் சான்று. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தனித்தனிச் சொற்களின் ஒலியோடு இலக்கண அமைப்புகளையும் ஒப்பிட்டே தன் முடிவை நிறுவியது.

இரண்டாவது, கடன். ஆங்கிலேயரின் ‘மாங்கோ’ நம் மாங்காயே. மேற்குக் கடற்கரையில் போர்த்துகீசியர் வாயிற் புகுந்து, அவர் வழியே ஐரோப்பா சென்றது. பண்டம் சென்ற வழியே சொல்லும் சென்றது.

மூன்றாவது, குழந்தையின் வாய். உதடுகளை மூடித் திறந்தாலே பிறக்கும் ஒலி ‘மா’. பால் குடிக்கும் மகவின் முனகலை ஈன்றவள் தன்னை அழைப்பதாகக் கொள்ளுகிறாள். ஒன்றோடொன்று உறவில்லாப் பல மொழிகளில் தாய்ப்பெயர் மகர ஒலியோடு அமைந்ததற்கு இதுவே காரணம் என்று ரோமன் யாக்கொப்சன் என்னும் மொழியறிஞர் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார்.

நான்காவது, தற்செயல். உலகில் வழங்கும் மொழிகள் ஏறத்தாழ 7000. மனித வாய் எளிதில் எழுப்பும் ஒலிகளோ சில. சொல் குறுகக் குறுக, ஒன்று மற்றொன்றோடு முட்டாமல் இராது.

இதை மறந்தால் என்னாகும் என்பதற்கு ஒரு சான்று. தமிழிலும் குதிரை மா, சீனத்திலும் குதிரை மா. ஆகவே இரண்டும் ஒன்று என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால் கைதட்டல் எழும். ஆனால் சோதித்துப் பாருங்கள். தமிழில் மா என்பது பொதுவாக விலங்கு. ஆதலாலன்றோ அரிமா என்று சிங்கத்தையும், பரிமா என்று குதிரையையும் அடை கொடுத்துச் சொன்னார்கள். சீனச் சொல்லிலோ பண்டு ரகர ஒலியும் கலந்திருந்தது என்று அதன் பழைய ஒலியை ஆராய்ந்தோர் மீட்டமைத்துள்ளனர். பின்னோக்கிச் செல்லச் செல்ல இரு சொற்களும் நெருங்காமல் விலகுகின்றன. எனவே இவ்வொப்புமை தற்செயலே.

பகவன் உரைத்த ‘மா’

இனி நம் சமயத்துக்கு வருவோம். பாலியில் ‘மா’ என்பது ‘வேண்டா’ என விலக்கும் இடைச்சொல். வடமொழியிலும் அதுவே, பண்டைக் கிரேக்கத்தில் மே, ஆர்மீனிய மொழியில் மி. இவை ஒரே மொழிக்குடும்பத்து உறவுச் சொற்கள். பர்மியரின் எதிர்மறையும் மகர ஒலியே எனினும், அம்மொழி வேறு குடும்பத்தது. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்தும் உறவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அங்குத்தர நிகாயத்தில் மூன்றன் தொகுதியில் காலாம சூத்திரம் உள்ளது. கேஸபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர்கள், தம்மூருக்கு வரும் போதகர் ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்திப் பிறர் கொள்கையைப் பழிப்பதால், எவர் சொல் மெய் என்று ஐயுற்றனர். அவர்களுக்குப் பகவன் பத்து அடிப்படைகளைச் சுட்டினார்: செவிவழிச் செய்தி, பரம்பரை, ஊர்ப்பேச்சு, நூலில் உள்ளமை, வெறுந் தருக்கம், ஊகம், தோற்றத்தை எண்ணிப் பார்த்தல், தம் கொள்கைக்கு இசைதல், சொல்வோரின் தகுதித் தோற்றம், ‘இவர் எம் ஆசிரியர்’ என்னும் மதிப்பு. இவை பத்தனுள் ஒவ்வொன்றன் முன்னும் ‘மா’ நிற்கிறது. இவற்றை மட்டும் கொண்டு ஏற்க வேண்டா. தீமையும் துன்பமும் தருவது என்று நீங்களே அறிந்தால் விடுங்கள், நன்மை தருவது என்று அறிந்தால் கைக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

தமிழ் ‘மா’வை மட்டும் அறிந்தவன் இதனைக் கேட்டால் யாது கொள்வான்? பெருஞ்செவிவழி, பெரும்பரம்பரை, பெருநூல் என்று கொள்வான். பத்து விலக்கும் பத்துப் புகழாய் மாறிவிடும்! நம்மை எவை கட்டி வைத்தனவோ அவற்றையே பகவன் வாயால் வாழ்த்தச் செய்தவர் ஆவோம்.

இரண்டாம் சீலத்தில் வரும் ‘அதின்னாதானா’ என்னும் சொல்லும் அத்தகையதே. அதன் இறுதியில் ‘தானம்’ ஒலிப்பதாகச் செவி சொல்லும். பிரித்தால் அதின்ன, ஆதான என இரண்டாகும். கொடுக்கப்படாததை எடுத்தல் என்பது பொருள். தான என்றால் கொடுத்தல். முன்னே ஓர் ஆகாரம் சேர்ந்தால் எடுத்தல். ஓரெழுத்து, கொடையைக் கொள்ளலாக்கிற்று.

சொல்லைப் பிரித்தலால் வந்த கேடு

இஃது ஏட்டுப் புலவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. ரிக் வேதத்தில் தஸ்யுக்களைக் குறித்து ‘அநாஸ’ என்னும் அடைமொழி வருகிறது. அதை அ, நாஸ என்று பிரித்து, ‘மூக்கற்றவர்’, அதாவது சப்பை மூக்கினர் என்றார் மாக்ஸ் முல்லர். அந், ஆஸ என்று பிரித்து, ‘வாயற்றவர்’, அதாவது நல்ல பேச்சற்றவர் என்றார் பழைய உரையாசிரியர் சாயணர். முதற்பிரிப்பின்மேல் ஓர் இனக் கொள்கையே எழுப்பப்பட்டது. பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் வெளியிட்ட ‘சூத்திரர் யார்?’ என்னும் ஆராய்ச்சி நூலில் இதனை எடுத்துச் சோதித்தார். தஸ்யுக்களை மூக்கற்றவர் என்று சொல்லும் இடம் வேறெங்கும் இல்லை. பேச்சுக் குறையைச் சுட்டும் மற்றோர் அடைமொழி அவர்களுக்கு உண்டு. ஆதலின் சாயணர் பொருளே பொருந்தும் என்று காட்டினார். ஓரெழுத்தை எங்கே வெட்டுவது என்பதில் மக்களின் பிறப்பும் மதிப்பும் தொங்கின என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் பேரிலும் சொற்கதைகள் பல கட்டப்பட்டன. அவற்றை மறுக்கப் பண்டிதர் அயோத்திதாசர், தாம் 1907இல் தொடங்கிய இதழில், சொற்களின் வழியே நம் முன்னோரின் வரலாற்றைத் தேடினார். பிறர் நம்மீது சுமத்திய பொருளை ஏன் ஏற்கவேண்டும் என்ற அவர் கேள்விக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். அவர் கூறிய ஒவ்வொரு சொல்விளக்கத்தையும் சான்றுகொண்டு சோதிப்பது அவரை அவமதிப்பதாகாது. ஆசிரியர் என்னும் மதிப்பு ஒன்றே போதாது என்றவர் பகவன். எதிரியின் சொற்கதைக்கு ஓர் அளவுகோல், நம் சொற்கதைக்கு வேறோர் அளவுகோல் வைத்துக்கொண்டால், நம் வழக்கை நாமே தோற்கடித்தவர் ஆவோம். பத்து உறுதியான சான்றுகளோடு ஒரு போலிச் சான்றைக் கலந்தால், எதிர்வழக்காடுவோன் அப்போலியைத்தான் தூக்கிக் காட்டுவான்.

பாத்திரம் ஒன்று, பெயர் பல

மஜ்ஜிம நிகாயத்து அரணவிபங்க சூத்திரத்தில் பகவன் ஓர் உவமை காட்டுகிறார். ஒரே பாத்திரத்துக்கு நாட்டுக்கு நாடு பல பெயர்கள் வழங்குகின்றன. ‘என் நாட்டுச் சொல்லே மெய், பிறவெல்லாம் பொய்’ என்று பற்றிக்கொள்வது பிணக்குக்கு வழி. ‘இவர்கள் இதனைக் குறித்தே இச்சொல்லை வழங்குகின்றனர் போலும்’ என்று உணர்ந்து, அவ்வாறே பேசி, பற்றின்றி இருப்பது அமைதிக்கு வழி. அதே வேளையில் உலக வழக்கைத் தூக்கியெறியவும் கூடாது என்றார். பல மொழியார் நடுவே தம்மம் உரைக்கும் நமக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. சொல் எந்த மொழிக்குரியது என்பதை முதலில் அறிக.
2. அம்மொழியின் இலக்கணப்படி அதனைப் பிரிக்க; நம் செவியின்படி அன்று.
3. முன்பின் வரும் சொற்களோடு பொருள் இசைகிறதா என்று காண்க.
4. ஒரு சொல் ஒத்ததென்று உறவு கற்பிக்க வேண்டா; பல சொற்களில் ஒழுங்கு உண்டா என்று தேடுக.
5. விரும்பிய முடிவு கிடைத்தபோது இருமடங்கு சோதிக்க.

பயிற்சி

அ. ‘நா’ என்பது தமிழில் நாக்கு. பாலியில் ‘ந’ என்பது இல்லை. இவ்வொப்புமை மேற்கூறிய நான்கனுள் எது?
ஆ. அம்பபாலியின் பெயரில் உள்ள ‘அம்ப’ பாலியில் மாமரம். அதனை ‘அம்மை’ என்று கொள்வோர் மேற்கண்ட விதிகளுள் எவற்றை மீறுகின்றனர்?
இ. நீங்கள் நாள்தோறும் ஓதும் பஞ்ச சீலத்தில் பொருள் தெரியாத சொற்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் கேளுங்கள். பொருள் அறிந்து ஓதுவோர்க்கே சீலம் வாயைக் கடந்து நெஞ்சில் இறங்கும்.

எல்லா உயிர்களும் நலமுறுக!