மே மாத ஏரியில் மீன் எங்கே நிற்கும்?

கேள்வி: மே மாதக் கடைசியில் ஒன்ராறியோ ஏரியில் தூண்டில் போட ஆசை. படகு வைத்திருப்பவர்கள் நடு ஏரிக்குப் போனால்தான் மீன் என்கிறார்கள். வேறு சிலர் ஏரியை விட்டுவிட்டு கனரஸ்கா போன்ற ஆறுகளுக்குப் போகச் சொல்கிறார்கள். என்னிடம் படகு இல்லை. ஒரே கரையில் ஒரு நாள் வாளி நிறைகிறது, மறுநாள் ஒரு கடிகூட இல்லை. இதில் ஏதாவது கணக்கு உண்டா, அல்லது எல்லாம் அதிர்ஷ்டம்தானா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: கணக்கு உண்டு. அதைத் தண்ணீரின் சூட்டில் தேட வேண்டும். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், மிக ஆழமான இடம் 244 மீற்றர். பனிக்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த அவ்வளவு தண்ணீரும் வசந்த வெயிலுக்குச் சட்டென்று மசியாது. கரையோரம் இரண்டு மூன்று மீற்றர் ஆழத்தில் இருக்கும் தண்ணீர்தான் முதலில் சூடேறும். இங்கே தண்ணீரின் ஒரு விசித்திர குணம் குறுக்கிடுகிறது: அது மிக அடர்த்தியாக இருப்பது 4 பாகை செல்சியஸில். கரைப்பக்கத் தண்ணீர் 4 பாகையைத் தாண்டியிருக்க, நடு ஏரி இன்னும் அதற்குக் கீழே நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலந்து 4 பாகையாகும் தண்ணீர் இரண்டு பக்கத்தையும்விடக் கனமானது. அதனால் அங்கேயே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு திரை தொங்குவது போல. சுவிட்சர்லாந்தின் ஏரி ஆய்வாளர் ஃபொரெல் இதை ஜெனீவா ஏரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்துவிட்டார். படகில் போகிறவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்: நுரையும் சருகும் செத்த பூச்சியும் ஒரே கோட்டில் மிதக்கும், கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை கலந்த கலங்கல், அந்தப் பக்கம் தெளிந்த கரு நீலம். ஏப்ரலில் கரையை ஒட்டி உருவாகும் இந்தத் திரை நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்து ஜூனில் மறைந்துபோகும். அதுவரை ஆறுகள் கொண்டுவரும் சத்தெல்லாம் கரைப்பக்கமே தேங்கும். பாசியும் அதைத் தின்னும் நுண்ணுயிரும் அங்கே பெருகும், அவற்றைத் தேடி ஏல்வைஃப் என்ற வெள்ளிநிறச் சிறு மீன் கூட்டம் வரும், அதன் பின்னால் பெரிய மீன்கள் வரும்.

சால்மனும் டிரவுட்டும் குளிரை விரும்பும் மீன்கள்தானே, அவை ஏன் குளிர்ந்த நடு ஏரியை விட்டு வர வேண்டும் என்று கேட்கலாம். குளிரை விரும்புவது வேறு, 3 பாகையில் விறைத்துக் கிடப்பது வேறு. மீனின் உடற்சூடு சுற்றியுள்ள தண்ணீர் தருவதுதான். அது குறைந்தால் செரிமானமும் பசியும் குறையும். சினூக் சால்மனுக்கு ஏறக்குறைய 12 பாகை இதமானது, பிரவுன் டிரவுட் அதற்கு மேலும் சற்றுத் தாங்கும். மே மாதத்தில் அந்தச் சூடு கரையை ஒட்டிய பட்டையில்தான் கிடைக்கும். படகுக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது ஜூலை மாத உண்மை. கரைநீர் 20 பாகையை நெருங்கும்போது இந்த மீன்கள் ஆழத்துக்கு ஒதுங்கும். அந்த அனுபவத்தை மே மாதத்துக்கும் பொருத்துவதில்தான் தவறு நடக்கிறது. உங்களிடம் படகு இல்லாதது இந்தச் சில கிழமைகளுக்கு ஒரு குறையே அல்ல.

ஒரு நாள் நிறைவும் மறுநாள் வெறுமையும் எப்படி என்றால், பெரும்பாலும் அது காற்றின் வேலை. மேற்குக் காற்று வீசினால் மேல்தண்ணீர் நேரே கிழக்கே போகும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பூமி சுழல்வதால் இந்த அரைக்கோளத்தில் அது காற்றின் போக்குக்கு வலப்பக்கமாக விலகும். மேற்குக் காற்றுக்கு வலப்பக்கம் தெற்கு. ஆகவே ஒன்றிரண்டு நாள் பலத்த மேற்குக் காற்று அடித்தால், ஸ்காபரோ, பிக்கரிங், போர்ட் ஹோப் என்று வடகரை நெடுக இளஞ்சூட்டுத் தண்ணீர் ஏரிக்குள் தள்ளப்பட்டு, அடியிலிருந்து பனிபோன்ற தண்ணீர் மேலே வரும். நேற்றுக் காலடியில் திரிந்த ஏல்வைஃப் கூட்டம் இன்று அங்கே இராது. கிழக்குக் காற்று இதற்கு நேரெதிராக, சூடான மேல்தண்ணீரை வடகரையில் கொண்டுவந்து குவிக்கும். கிழக்குக் காற்றில் மீன் கடிக்காது என்பது ஆங்கிலேயத் தூண்டில்காரர்களின் பழைய நம்பிக்கை. இங்கேயும் பலர் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு: கிழக்குக் காற்றோடு மழையும் அலையும் கலங்கலும் சேர்ந்து வரும், அந்த நேரத்தில் கரையில் நிற்பது சுகமில்லை. ஆனால் காற்று தணிந்த மறுநாள் காலை வடகரைக்குப் போகாமல் இருப்பதற்கு அந்த நம்பிக்கை ஒரு காரணமாகாது. தென்கரையில், நியூயோர்க் பக்கம் நிற்பவருக்கு இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழ்.

இனி ஆறுகள். கனரஸ்காவும் டஃபின்ஸ் ஓடையும் ஓக் ரிட்ஜஸ் மண்மேட்டின் ஊற்றுகளில் பிறப்பவை. ஊற்றுநீர் எந்தப் பருவத்திலும் அதிகம் சூடாகாது என்பதால்தான் டிரவுட்டுக்கு அவை தோதானவை. ஏரியிலிருந்து ஏறும் பெரிய ரெயின்போ டிரவுட், ஸ்டீல்ஹெட் என்கிறார்களே அதுதான், வசந்தத்தில் அங்கே முட்டையிடும். மே கடைசியில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் முட்டையிட்டுக் களைத்து, மெலிந்து, ஏரிக்குத் திரும்பும் மீன்கள். பருவம் திறந்துதானே இருக்கிறது, சட்டம் தடுக்கவில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் 10 பாகைத் தண்ணீரில் அந்த முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பொரித்த குஞ்சும் இன்னும் சில கிழமை கூழாங்கற்களுக்கு அடியிலேயே கிடக்கும். முழங்கால்வரை பூட்ஸ் போட்டு ஆற்றில் இறங்குகிறவர் எதை மிதிக்கிறோம் என்று அறியாமலே மிதிப்பார். சுற்றிலும் கறுத்த கற்கள் கிடக்க, நடுவில் ஓரிடம் மட்டும் துடைத்துவிட்டது போல வெளிறித் தெரிந்தால் அதுதான் கூடு. என் கருத்து, ஆற்றுக்குள் இறங்காமல் அதன் வாய்க்குப் போங்கள். பகல் வெயிலில் சூடேறிய ஆற்றுநீர் குளிர்ந்த ஏரிநீரின் மேல் ஒரு விசிறி போல விரியும். அந்த விசிறியின் ஓரம் தூண்டில் எட்டும் தூரத்தில்தான் இருக்கும். களைத்துத் திரும்பும் மீனும் ஏரியிலிருந்து இரை தேடி வரும் மீனும் சந்திப்பது அங்கே.

இதற்கெல்லாம் கைபேசியில் செயற்கைக்கோள் படம் பார்த்தால் போதாதா என்றால், போதாது. அது மேல்தோலின் சூட்டைத்தான் காட்டும். மேகம் மூடிய நாளில் அதுவும் இல்லை. மலிவான வெப்பமானி ஒன்றைத் தங்கூசியில் கட்டி, ஈயம் கோர்த்து, ஆள் ஆழத்துக்கு இறக்கி இரண்டு நிமிடம் விட்டு இழுத்துப் பாருங்கள். 8 முதல் 13 பாகை என்றால் நின்று வீசுங்கள். விடியலில் ஏல்வைஃப் போல மின்னும் சிறிய வெள்ளி ஸ்பூன் நன்றாக எடுபடும். 5 பாகை என்றால் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஆற்று வாய்க்கோ, காற்று படாத படகுத்துறைக்கோ போங்கள். 15 பாகையைத் தொட்டிருந்தால் அது பாஸ் மீன் கூடு கட்டும் சூடு. ஜூனில் பருவம் திறக்கும்வரை அதைக் குறிவைக்க அனுமதி இல்லை. தவறிக் கடித்தாலும் படம் எடுக்க நேரம் கடத்தாமல் உடனே விட்டுவிடுங்கள்: கூட்டைக் காப்பது ஆண் பாஸ், அது இல்லாத சில நிமிடங்களில் கோபி மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும்.