செங்குருதியணுவின் அமைப்பு

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கச் செல்வோர் விலை கேட்குமுன் செவுளைத் தூக்கிப் பார்ப்பர். செவுள் சிவந்திருப்பின் மீன் புதிது, பழுப்பேறியிருப்பின் பழையது. அச்சிவப்பு உதிரத்திலுள்ள செவ்வணுக்களின் நிறமாம். அவற்றுள் நிறைந்த ஹீமோகுளோபின் என்னும் புரதத்தில் இரும்பு உண்டு. உயிர் நீங்கியபின் அவ்விரும்பு மெல்லத் திரிந்து பழுப்பாகின்றது. மீன்காரப் பெண்டிர் இதனை ஏட்டிற் கற்றாரல்லர், கண்ணாற் கற்றனர்.

மனிதரின் செவ்வணுவுக்குக் குறுக்களவு ஏறக்குறைய 7.5 மைக்ரான், கனமோ சுமார் 2 மைக்ரானே. இருபுறமும் நடுக்குழிந்த வட்டு வடிவினதாகலின், பிராணவாயு புகுதற்குரிய மேற்பரப்பு மிகுகின்றது. அகத்தே எவ்விடமும் புறத்தோலுக்கு அணித்தாயிருக்கின்றது. உருண்டையாயின் இப்பயன் குன்றும். அன்றியும், தன்னினும் குறுகிய நுண்குழாய்களில், இடுக்குச் சந்திற் சுமையாள் ஒருக்களித்து நுழைதல்போல், அது மடங்கி நுழைந்து செல்லும்.

யாம் பெரிதும் வியப்பது அதன் துறவையே. முதிர்ந்த செவ்வணுவுக்கு உட்கரு இல்லை. பிராணவாயுவைச் செலவிட்டு ஆற்றல் விளைக்கும் மைட்டோகாண்டிரியாவும் இல்லை. இடமெல்லாம் ஹீமோகுளோபினுக்கே. ஓரணுவில் ஏறக்குறைய 27 கோடி மூலக்கூறுகள் உள. ஒவ்வொன்றும் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளைத் தாங்கும். சுமக்கும் மூட்டையினின்று ஒருபிடியும் எடுத்துண்ணாத சுமையாளை வேறெங்குக் காண்பாம்! அத்துறவுக்கு விலையும் உண்டு. தன் பழுதைத் தானே சீர்செய்ய மாட்டாமையால் சுமார் 120 நாளில் அது அழியும். எலும்பு மஜ்ஜை புதியனவற்றை ஈன்றவண்ணம் இருக்கும்.

ஒப்புநோக்க விரும்புவார்க்கு மார்க்கெட்டே போதும். மீனுக்கும் கோழிக்கும் செவ்வணுவில் உட்கரு உண்டு. ஆட்டின் அணு உட்கரு அற்றது. நம்முடையதிற் பாதியளவே உளது. நண்டுக்கோ செவ்வணுவே இல்லை. செம்பு கொண்ட ஹீமோசயனின் அதன் உதிரத்திற் கரைந்தே பிராணவாயுவைத் தாங்குதலின், அவ்வுதிரம் நீலச்சாயல் கொள்ளும்.

இனி ஒன்று. சிவந்த செவுள் தேர்ந்து வாங்கும் பெண்டிர் கைகளிலேயே நகங்கள் வெளிறியிருக்கக் காண்கின்றோம். 2019-21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்டிருள் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உண்டு. இரும்புக் குறைவு அதற்கொரு பெருங்காரணம். வீட்டில் ஆடவர்க்கு இட்டபின் எஞ்சியதே அவர்க்கு உணவாதலை யாவரும் அறிவர். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு உடலில் எளிதிற் சேரும்; கீரையிலுள்ளது அத்துணை எளிதிற் சேராது. எலுமிச்சை பிழிந்துண்ணின் சேர்தல் மிகும். உண்டவுடன் தேநீர் பருகின் குறையும்.